கெசீனாவுக்கு ஒரு சின்ன மலை

இல்ல தம்பி, பயந்துபோய்க் கம்பியைப் பிடிச்சிட்டிருக்கேன்னு நினைச்சுக்காதீங்க. கையுறை குளிர்ல விறைச்சு அப்படியே வளைஞ்சு நின்னுடுச்சு, அவ்வளவுதான். ஐயோ, நின்னுபோச்சா? நின்னேபோச்சு. பாருங்க, சரியா நடுவழியில. கீழ வெறும் பனி, மேல ஒரே ஒரு கயிறு, நடுவுல நீங்களும் நானும் ஒரு நாற்காலியும். ஆட்டாதீங்க. நீங்க ஆட்டலையா? காத்தா? சரி, அப்ப காத்துகிட்ட சொல்லுங்க.

நின்னா நிக்கட்டும். லிஃப்ட் இப்படி நிக்கிறதுன்னா மேல இறங்குற இடத்துல யாரோ விழுந்திருக்காங்கன்னு அர்த்தம். அவங்களை ஓரமா இழுத்துப் போட்டுட்டு மறுபடி ஓட்டுவாங்க. எனக்குத் தெரியாததா? முப்பது வருஷமா பனிச்சறுக்குப் பள்ளி நடத்துறவர் பெண்டாட்டி நான். எங்க ஊரு ஓபர்லான்ல வந்து லெக்னர் பள்ளி எங்கேன்னு கேட்டுப் பாருங்க, நாய்கூட வழி காட்டும். விழுந்தது கெசீனாவா இருக்கக்கூடாது, அதுதான் என் கவலை. எனக்கு முன்னாடி போனவ. இந்நேரம் இறங்கியிருப்பா. இறங்கியிருப்பா இல்ல?

யாரா? அதான் சொன்னேனே, என் சிநேகிதி. நாற்காலி வந்து முட்டிக்குப் பின்னால அடிக்கும்போதே சொன்னேன், உங்களுக்குத்தான் காதுல விழல. நீங்க ஹெல்மெட்டுக்குள்ள குல்லாவும் போட்டிருக்கீங்க. கெசீனா எங்க ஊரு மருந்துக்கடையம்மா. இன்னிக்கு அவளுக்கு முதல் நாள். ஐம்பத்தோரு வயசுல. அதுக்காக ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி என் தலையில கட்டிட்டா. நானும் மூணு வாரமா ஊண் உறக்கம் இல்லாம தேடி, இந்த லாம்பிக்கல்தான் சரின்னு முடிவு பண்ணேன்.

சிரிக்காதீங்க. ஆமா, குழந்தைங்க வர்ற மலைதான். பேரே ஆட்டுக்குட்டி மேடு. அதுல என்ன கேவலம்? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சார். ராத்திரிச் சாப்பாட்டுல லாம்பிக்கல்னு சொன்னதும் வாய்ல இருந்த சூப்பெல்லாம் மேசை மேல. கான்வென்ட்ல எங்களுக்கு மேசை ஒழுக்கம் சொல்லிக் குடுத்த சிஸ்டருங்க யாராவது அதைப் பாத்திருந்தா அவரைக் கரண்டியாலயே அடிச்சிருப்பாங்க.

கெசீனாவோட ஊரு எப்படின்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்குப் புரியும். வடக்கே கடலோரம். தட்டு மாதிரி பூமி. மேடுன்னு ஒண்ணு இருக்குன்னா அது கடல் ஊருக்குள்ள வராம இருக்கக் கட்டின கரை. அது மேல ஆடு மேயும். சின்னப் புள்ளையில அந்தக் கரையில இருந்து ஒரு தட்டு மேல உக்காந்து சறுக்கினாளாம், அதோட அவளுக்கும் மலைக்கும் உறவு முடிஞ்சுது. நாலு வருஷம் முன்னாடி எங்க ஊரு மருந்துக்கடையைக் குத்தகைக்கு எடுத்துட்டு வந்தா. ஈஸ்டரோட குத்தகை முடியுது. அங்கே இருந்து அவ தங்கச்சி போன் பண்ணிப் பண்ணி, வந்துடு, வந்துடுன்னு அரிக்கிறா. வீட்டு மாடியை வெள்ளையடிச்சு வெச்சிட்டாளாம். எனக்கு அந்தத் தங்கச்சியைப் பிடிக்காது. பாத்ததில்ல. பாக்காமலே பிடிக்காது.

இந்தக் கூத்தை அவ ஆரம்பிச்சது ஜனவரியில, மூவரசர் திருநாளுக்கு மறுநாள். பத்து மணிக் காபி. அது எங்க வழக்கம், குளிர்காலத்துல கடையில ஈ காக்கை இருக்காது. பின்கட்டுல நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுவோம். ஊருல மிச்சப் பேரெல்லாம் மலை மேல. அவ கல்லாவுல இருந்தாகணும். நான்... எனக்கு முட்டி. முட்டி சரியில்ல. அதை விடுங்க. அன்னிக்கு கப்பைக் கீழ வெச்சுட்டுச் சொல்றா, லெக்னரம்மா, நாலு குளிர்காலமா ஜன்னல் வழியா மலையைப் பாத்துட்டே இருக்கேன், பேக்கரிக் கண்ணாடிக்கு வெளிய நிக்கிற பசங்க மாதிரி. டிசம்பர் வந்தா ஊரே மேல போயிடுது, ஃபாதர் உட்பட. ஒருத்தன் இருமலுக்கு வர்றதில்ல, காலை உடைச்சுக்கிட்டாத்தான் வர்றான். ஒரே ஒரு நாள் நானும் ஏறிப் பாக்கறேன். ஒத்துவந்தா குத்தகையைப் புதுப்பிச்சுட்டு இங்கேயே கிடக்கறேன். ஒத்துவரலைன்னா ஈஸ்டருக்கு மூட்டை கட்டிடறேன். மலையை நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்க, இதுல உங்களைவிட யாருக்குத் தெரியும்?

பாத்தீங்களா? ஒரு நாள். ஒரே மலை. தப்பான இடத்துக்குக் கூட்டிட்டுப் போயி அவ ஒரு தடவை பயந்துட்டா, தீந்துது, ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அந்த மருந்துக்கடையில வேற எவனோ உக்காந்திருப்பான். யார்கிட்ட பேசுவேன் நான்? ஓபர்லான்ல எல்லாரும் என்ன பேசுவாங்க தெரியுமா? பனி. நேத்து விழுந்த பனி, நாளைக்கு விழப்போற பனி. அவ ஒருத்திதான் புத்தகம் பேசுவா, அரசியல் பேசுவா, பேக்கரிக்காரியைப் பத்தி அநியாயத்துக்கு நல்லா வம்பு பேசுவா.

சரின்னு நாலு பேரைக் கேட்டேன். கேட்டது தப்பு. எங்க வீட்டுக்காரர், வின்சென்ஸ், சறுக்குப் பள்ளித் தலைமை, கழுத்துல விசில் தொங்கும், அவர் என்ன சொல்றார்? ஸ்டைன்கார் கூட்டிட்டுப் போங்கறார். ஸ்டைன்கார்! நீங்க போயிருக்கீங்களா? பாருங்க, உங்க கண்ணே விரியுது. ஏங்க ஸ்டைன்கார்னு கேட்டேன். உச்சியில நின்னா மூணு நாடு தெரியும், முதல் நாள் மறக்காதுங்கறார். மறக்காதுதான். உயிரோட இருந்தா. அந்தச் சரிவு செங்குத்தா இருக்கேன்னேன். சீ, அது சமதளம்ங்கறார். இவங்க அகராதியில சமதளம்னா ஆடு நிக்கத் தயங்குற இடம்.

அவர் தம்பி ஃபெர்டில் அதுக்கும் மேல. அவனுக்கு மலையே முக்கியம் இல்லையாம். எந்த மலையானாலும் உச்சிக்குக் கொண்டுபோயி முதுகுல கைய வெச்சு ஒரு தள்ளு தள்ளணும், எல்லாரும் கீழதான் வந்து சேருவாங்க அண்ணிங்கறான். நீ அப்படியாடா கத்துக்கிட்டேன்னு கேட்டேன். யோசிக்கிறான். யோசிச்சுட்டே இருக்கான். ஞாபகம் இல்லையாம்! அங்கேதான் தம்பி இருக்கு விஷயம். எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. எல்லாரையும் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே சறுக்குப் பலகையில கட்டிட்டாங்க. எப்படி நிக்கிறதுன்னு கேட்டா, நிக்கணும்னு நினைச்சா நின்னுடும்பான். எப்படித் திரும்புறதுன்னு கேட்டா, திரும்பிப் பாத்தாப் போதும்பான். நீங்க எப்படி மூச்சு விடறீங்கன்னு மீன்கிட்ட கேட்ட கதை. ஃபாதரைக் கேட்டேன், அவராவது படிச்ச மனுஷன்னு. ரோஸ்கோகல்தான்னார். ஏன் ஃபாதர்னா, அங்கே உச்சிக் குடிசைச் சாப்பாட்டுக்கடையில ஈரல் உருண்டை சூப்பு அமோகமாம். எல்லாரும் மலையைத் தேர்ந்தெடுக்கிறது சூப்பை வெச்சுத்தான், வெளிய சொல்ல மாட்டாங்க.

ரோஸ்கோகல் எங்க ஊரு மலை. அங்கே நான் கூட்டிட்டுப் போவேனா? புதுசா கத்துக்கிறவங்களை விடுற சரிவு ஊரைப் பாத்து இருக்கு. எல்லார் வீட்டு அடுப்படி ஜன்னல்லயும் தெரியும். பேக்கரிக்காரி பைனாகுலரே வெச்சிருக்கா, பறவை பாக்கவாம். குளிர்காலத்துல என்ன பறவை? விழுறவங்களைப் பாக்கறா. முதல் நாள்ங்கறது ஃபாதர்கிட்ட பண்ற பாவசங்கீர்த்தனம் மாதிரி, தட்டி மறைவுல நடக்கணும். நமக்கு முன்பின் தெரியாத ஊர்ல, என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னா யாருன்னு கேக்குற இடத்துல. கெசீனாவுக்காகத்தான் சொல்றேன். பள்ளித் தலைமையோட பெண்டாட்டி கூட்டிட்டு வந்தவன்னா, ஆளுக்கு ஆள் எதிர்பார்ப்பாங்க இல்ல?

அப்புறம் சில மலையில ஆளை மேல இழுத்துட்டுப் போற அந்த இழுவைக் கம்பி இருக்கே, நங்கூரம் மாதிரி மரக்கட்டை, அது கூடவே கூடாது. அதைக் கண்டுபிடிச்சவனுக்குப் பெண்கள்னா ஆகாது போல. ரெண்டு பேருக்கு ஒரு கட்டை, பின்பக்கம் குடுத்துட்டு நிக்கணும், உக்காரக்கூடாது. உக்காந்தா மல்லாக்க. கெசீனா நெட்டை, கொடிக்கம்பம். நான் எவ்வளவு குட்டைன்னு உங்களுக்கே தெரியுதே. ஒரே கட்டை அவளுக்குத் தொடையில வந்தா எனக்குத் தோள்பட்டையில வரும். என்ன? நான் எதுக்கா? கூடப் போக வேண்டாமா? நல்ல கேள்வி கேக்கறீங்க.

அப்புறம் கழிப்பறை. அதை எந்த மடையனும் யோசிக்கிறதில்ல. இந்த உடுப்பைக் கழட்டி மாட்டுறதுக்குள்ள ஒரு பூசை முடிஞ்சுடும். ஐம்பது வயசுக்காரிக்குக் கழிப்பறை பக்கத்துல இருக்கணும், படி இருக்கக்கூடாது. இங்கே படி இல்ல, நான் போயிப் பாத்தேன். கீழ ஒரு காபிக்கடை வேணும், அதுல சரிவைப் பாத்த ஜன்னல் வேணும். நிமிஷத்துக்கு நாலு பேரை ஏத்திட்டுப் போற அந்த ரப்பர் பாய் லிஃப்ட் வேணும், நின்னாப் போதும், அதுவா இழுத்துட்டுப் போகும், கோயில் தேர் மாதிரி மெதுவா. சரிவு முடியுற இடத்துல வேலி இருக்கக்கூடாது, மரம் இருக்கக்கூடாது, ஓடை அறவே கூடாது, கொஞ்சமா மேல ஏறுற மாதிரி இருக்கணும். அப்பதான் நிறுத்தத் தெரியாதவகூடத் தானா நிப்பா. இதை எந்தப் பள்ளிக்காரனும் சொல்லமாட்டான். நான் சொல்றேன்.

எப்படித் தெரியுமா? அத்தைக்கு உடம்பு சரியில்லன்னு வீட்டுல சொல்லிட்டு, காரை எடுத்துட்டு ஒவ்வொரு மலையா போனேன். அத்தை திடமாத்தான் இருக்கா, அவளே ஸ்டைன்கார்ல சறுக்கிட்டுத்தான் இருக்கா. நான் கீழ காபிக்கடையில உக்காந்து மதியம் முழுக்கப் புதுசா வர்றவங்களைப் பாத்துட்டே இருந்தேன். யாரு எந்தப் பக்கம் விழறா, விழுந்தா எப்படி எழுந்திருக்கறா, எழுந்திருக்க முடியாம ஆமை மாதிரி கிடக்குறவளைத் தூக்க யாரு வர்றா, வர்றவங்க திட்டறாங்களா சிரிக்கறாங்களா. லாம்பிக்கல்ல திட்டல. அதோட முடிவு பண்ணிட்டேன். வின்சென்ஸ் சொல்றார், ஏன் புர்கி, நம்ம கல்யாண மண்டபத்துக்குக்கூட நீ இத்தனை அலையலையே. அலையலதான். அது ஒரு நாள் கூத்து, விழுந்தா அடிபடாது.

இன்னும் கிளம்பலையே இது. தம்பி, சும்மா பொது அறிவுக்குக் கேக்கறேன். மேல போனதும் இறங்காம அப்படியே உக்காந்திருந்தா இது சுத்திக்கிட்டுக் கீழ வந்துடும் இல்ல? வராதா? கம்பி தட்டுமா? தட்டினா? லிஃப்டே நின்னுடுமா. ஓ. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களா. ஓ. இல்ல, கெசீனாவுக்காகக் கேட்டேன். போன வாரம் இங்கே ஆபீசுக்கே போன் போட்டு, உக்காந்தபடியே கீழ இறங்கி வரலாமான்னு கேட்டேன். வரலாம்மா, தாராளமான்னான் அந்த ஆளு. அவன் சொன்னது அந்தப் பக்கம் கயிறுல தொங்கி ஓடுற கூண்டு வண்டியை. காலைல வந்து பாத்தா, காத்துன்னு சொல்லிக் கூண்டை நிறுத்தி வெச்சிருக்கான். இத்தனை பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்து, காத்தைப் பாக்க மறந்துட்டேன்.

எனக்குப் பழக்கம் இல்லையான்னா? என்ன தம்பி, இப்படிக் கேட்டுட்டீங்க. கான்வென்ட்ல வருஷா வருஷம் சறுக்கு வாரத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க, ஒரு வருஷம் நான் தவறினதில்ல. எங்க வீட்டுக்காரர் என்னை முதல்முதல்ல பாத்ததே ரோஸ்கோகல் உச்சிக் குடிசையிலதான். வெயில்ல மூக்கு சிவந்து உக்காந்திருந்தேன். இன்னிக்கு வடக்குச் சரிவுல பனி பிரமாதம்னு ஒரு வார்த்தை சொன்னேன். மனுஷன் அங்கேயே விழுந்துட்டார். அடுத்த செப்டம்பர் கல்யாணம். பலகையா? இது வாடகைப் பலகைதான். என்னோடது மெழுகு போடக் குடுத்திருக்கு. குச்சியை ஏன் தொடைக்கு அடியில வெச்சிருக்கேனா? எங்க ஊருல அப்படித்தான்.

அந்த வாடகைக் கடைக் கூத்தைக் கேளுங்க. காலைல ரெண்டு பேரும் போறோம். கடைக்காரி உயரம் எடை எல்லாம் கேக்கறா, எடையை நான் காதுல சொன்னேன், அவ ஊருக்கே திருப்பிச் சொன்னா. எனக்கு எதுவும் வேண்டாம், முட்டி சரியில்ல, நான் காபிக்கடையில உக்காந்து பாக்கத்தான் வந்தேன்னேன். கெசீனா என்னைக் கண்டுக்கவே இல்ல. ரெண்டு ஜோடி குடுங்கன்னா. கடைக்காரி, பழகினவங்களா புதுசான்னு கேட்டா. இந்த அம்மா கண்ணைக்கூட இமைக்காம சொல்றா, ரெண்டு பேருமே புதுசு. என்னைப் பாத்து! முப்பது வருஷம் சறுக்குப் பள்ளிக்காரர் சோத்துல உப்பு போட்டவளைப் பாத்து! எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஆனா கடை நிறைய ஜனம், வாயைத் திறந்தா பெரிசாகும். சரின்னு பூட்ஸை மாட்டிக்கிட்டேன். பூட்ஸா அது? ரெண்டு காலையும் சிமென்ட்டுல ஊன்றி வெச்ச மாதிரி இருக்கு. நான் லிஃப்ட் வரைக்கும் நடந்து வந்ததைப் பாத்துச் சிரிச்சீங்களே, பாத்தேன். வாத்துன்னு நினைச்சிருப்பீங்க. மரியாதையா நினைச்சீங்கன்னா சரி.

சொல்லிக்குடுக்க வந்தது வெரோனிகான்னு ஒரு அம்மா. எங்க வயசு, அடுப்படி அலமாரி மாதிரி உருவம், குரல் மட்டும் வெண்ணெய். ரெண்டு பேருக்குன்னு பதிவாகியிருக்கே, இன்னொருத்தர் எங்கேன்னு கேட்டா. கெசீனா என்னைப் பாத்தா. நான் முட்டியைத் தொட்டுக் காட்டினேன். கெசீனா என் முட்டியை ஒரு பார்வை பாத்துட்டு, பலகையைத் தூக்கிட்டு நடந்தா.

நான் ஜன்னலோரம் கோகோ வாங்கிட்டு உக்காந்தேன். அவ அந்த ரப்பர் பாய்ல ஏறி மேல போனா. முதல் தடவை இறங்கினா. இறங்கினான்னு சொல்ல முடியாது, பின்னாடியே வந்தா, முதுகைக் காட்டிக்கிட்டு. பாதியில மல்லாக்க விழுந்தா. என் கையில கோகோ கொட்டிடுச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஈஸ்டர், மூட்டை, தங்கச்சி, வெள்ளையடிச்ச மாடி, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துடுச்சு. பாத்தா, கிடந்தபடியே சிரிக்கறா. தோள் குலுங்கச் சிரிக்கறா. வெரோனிகாவும் சிரிக்கறா. ரெண்டு பேருமா பனியில கிடந்து சிரிக்கறாங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க மாதிரி. விழுந்தா இப்படிச் சிரிச்சுக்கலாம்னு என்கிட்ட யாரும் சொன்னதே இல்ல தம்பி. எங்க ஊருல யாரும் விழறதில்ல, அதனால இருக்கும்.

அப்புறம் நான் தேர்ந்தெடுத்த மலை வேலையைக் காட்டிடுச்சு. மூணாவது தடவை நேரா வந்தா. அஞ்சாவது தடவை பலகையை முன்னாடி சேத்து, பின்னாடி விரிச்சு, அப்படியே நின்னா. தானா இல்ல, அவளா நிறுத்தினா. ரெண்டு கையையும் தூக்கி ஜன்னலைப் பாத்து ஆட்டினா. நானும் ஆட்டினேன். அடுத்து என்ன பண்றான்னு பாக்கறேன், வெரோனிகா மேல கையைக் காட்டறா, இவ தலையாட்டறா, ரெண்டு பேரும் இந்த லிஃப்டுல ஏறிட்டாங்க. எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி! அவ நீளக் கால் ரெண்டும் தொங்கிட்டே போயி, சின்னதாகி, அந்த மரத்துக்கு மேல போயிடுச்சு.

சந்தோஷம்தான். ஏன் சந்தோஷம் இல்ல? அவ போகமாட்டா. குத்தகையைப் புதுப்பிச்சிடுவா. நான் கேட்டதே அதுதானே. ஆனா அந்தக் கால் ரெண்டும் சின்னதாகுறப்ப ஒண்ணு தோணுச்சு. கத்துக்கலைன்னா வடக்கே போயிடுவா. கத்துக்கிட்டா மேல போயிடுவா. டிசம்பர் வந்தா கடை மூடியிருக்குன்னு ஒரு அட்டையைத் தொங்கவிட்டுட்டு ஃபாதரோட, பேக்கரிக்காரியோட, ஊரோட. எப்படிப் பாத்தாலும் பத்து மணிக்கு நான் ஒரு கப்புதான் எடுத்து வைக்கணும். மூணு வாரம் இத்தனை யோசிச்சவ இதை யோசிக்கல பாருங்க. கோகோவை அப்படியே வெச்சுட்டு, பலகையை எடுத்துக்கிட்டு இந்த லிஃப்டுக்கு வந்துட்டேன்.

ஐயோ! கிளம்பிடுச்சு. கிளம்பும்போது சொல்லிட்டுக் கிளம்பக்கூடாதா?

இல்ல, இல்ல, ஒண்ணும் இல்ல. எவ்வளவு தூரம் இருக்கு இன்னும்? அந்தக் கம்பம் வரைக்குமா? அவ்வளவுதானா? மெதுவாப் போகச் சொல்ல முடியாதா? யார்கிட்டயாவது? ஒரு கொடியாவது ஆட்டி?

தம்பி, நீங்க என்னன்னு நினைச்சீங்க, தற்செயலா உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்னா? மூணு நாற்காலியை விட்டேன். முதல்ல ஒரு சின்னப் பொண்ணு, போனையே பாத்துட்டிருந்தா, வேண்டாம்னு விட்டேன். அடுத்து ஒரு ஆளு, மூச்சுல பீர். அப்புறம் ஒரு பாட்டி, என்னைவிட நல்லா சறுக்குவான்னு பாத்தாலே தெரிஞ்சுது, அவகிட்ட கேக்க மாட்டேன். நீங்க வந்தீங்க. வெளுத்துப்போன சட்டை, தேஞ்ச பலகை, முகத்துல அவசரம் இல்ல. எழுந்திருக்க முடியாதவளைப் பாத்தா திட்டமாட்டான்னு முகத்துலயே எழுதியிருந்துது. மலையைத் தேர்ந்தெடுத்த மாதிரியே தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் கம்பியை இப்பத் தூக்காதீங்க! தூக்கணுமா? எழுதியிருக்கா? சரி, தூக்குங்க. மெதுவா. ஐயோ, முன்னாடி ஒண்ணுமே இல்லையே.

சறுக்கு வாரத்துக்கு வருஷா வருஷம் போனேன்னு சொன்னேனே, பொய் இல்ல. போனேன். சமையலறையில சிஸ்டர் கனீசியாவோட உருளைக்கிழங்கு உரிச்சேன், முதல் வருஷம் கணுக்கால் பிசகியிருந்துது, அடுத்த வருஷத்துல இருந்து அந்தம்மா ரெண்டு கரண்டி இனிப்பு கூடப் போட்டாங்க, அங்கேயே இருந்துட்டேன். உச்சிக் குடிசைக்குக் கூண்டுல போயி வெயில்ல உக்காந்திருந்தேன். வடக்குச் சரிவுப் பனி பக்கத்து மேசைல யாரோ சொன்னது. அதைக் கேட்டு மயங்கின மனுஷன்கிட்ட, எனக்குச் சறுக்கவே தெரியாதுன்னு அப்புறம் எப்பச் சொல்றது? கல்யாணத்தன்னிக்கா? அப்புறம் புள்ளைங்க. அப்புறம் முட்டி. என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல தம்பி, கல்லு மாதிரி இருக்கு. வின்சென்ஸ் பாவம், டிசம்பர் ஆனா தைலம் வாங்கிட்டு வந்து வெச்சிடுவார். மருந்துக்கடையில. கெசீனா கையால. அவ ஒருநாள் எந்த முட்டின்னு கேட்டா, இடதுன்னேன். இன்னொரு நாள் கேட்டா, வலதுன்னேன். இப்பத்தான் உறைக்குது. ரெண்டு ஜோடி குடுங்க, ரெண்டு பேருமே புதுசு. எப்பவோ தெரிஞ்சிருக்கு அவளுக்கு. முதல் நாளுக்கு மலை தேடச் சொன்னாளே, யாரோட முதல் நாளுக்குன்னு நான் கேட்டிருக்கணும்.

அதோ நிக்கிறா பாருங்க. கொடிக்கம்பம். மூக்கெல்லாம் செவந்துபோயி. என்னமோ கத்தறா. என்ன கத்தறா? வான்னா? வாங்கன்னு சொல்லலையே. நாலு வருஷமா லெக்னரம்மா, நீங்க, வாங்க, போங்க. மலை மேல கால் வெச்சுட்டா யாரும் யாருக்கும் நீதான்னு நம்ம பக்கத்து வழக்கம், மந்திரியானாலும் மாடு மேய்க்கிறவனானாலும். அவ வடக்கத்தி, இதெல்லாம் பிடிக்காதுன்னு நினைச்சேன். வா புர்கிங்கறா. கேட்டுதா உங்களுக்கு? வா புர்கி!

சரி, சட்டுன்னு சொல்லுங்க, இதுல இருந்து எப்படித்தான் இறங்கணும்? பலகை மூக்கைத் தூக்கணுமா? தூக்கிட்டேன். அப்புறம்? எழுந்து நிக்கணுமா, இல்ல அதுவா தள்ளுமா? இப்பவா? இப்பவேவா? சிரிச்சாலும் பரவாயில்ல, நானும் சிரிக்கப்போறேன். கையைக் குடுங்க தம்பி. குடுடா தம்பி, மேல வந்துட்டோமே, இனி நீயும் நீதான்.